ஒலிபெருக்கிப் பெட்டிக்காக ஒரு ஜெபச் சீட்டு

செப்டம்பர் 1, செவ்வாய்

காலையில் இரத்த அழுத்தம் பார்த்தேன், சரியாக இருந்தது. ஒன்பதரைக்குப் பள்ளி அலுவலகத்துக்குள் நுழையும்போது கண்டிப்பாகச் சரியாக இருந்திருக்காது. அந்த ஆயா இன்றும் வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் சபை நடத்தும் பள்ளியில் பதினொரு வருடம் கூட்டிப் பெருக்கியவள். போன மாதம் ஸ்டோர் ரூமிலிருந்த பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி காணாமல் போனது. செயலாளர் என்ற முறையில் அன்றைக்கே அவளை வேலையை விட்டு நிறுத்தினேன். ஸ்டோர் சாவி அவளிடம் இருந்தது, வேறென்ன வேண்டும்? இன்னொரு சாவி என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. அதற்காக என்னையா நிறுத்த முடியும்?

"விசாரிங்கய்யா. விசாரிச்சுட்டு என்ன வேணா சொல்லுங்க" என்றாள். கணவனும் இல்லாதவள், முகத்தில் அடித்தாற்போல் பேச மனம் வரவில்லை. "நாளைக்கு வாம்மா" என்றேன். ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான்.

செப்டம்பர் 2, புதன்

வந்துவிட்டாள்.

செப்டம்பர் 3, வியாழன்

பின்வாசல் வழியாகப் போனேன். அங்கே இருந்தாள். "முன்பக்கம் வெயிலுய்யா" என்றாள்.

செப்டம்பர் 4, வெள்ளி

இன்று உபவாச ஜெபம். நடந்ததை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும், வேறு யாரிடம் சொல்வது?

எங்கள் சபையில் ஜெபம் வேண்டுகிறவர்கள் சீட்டு எழுதிக் கூடையில் போடுவார்கள். ஜெபத்தை நடத்துகிறவர் ஒவ்வொரு சீட்டையும் எழுதியபடியே, ஒரு சொல் விடாமல் சத்தமாக வாசித்து ஜெபிக்க வேண்டும். முன்பு ஒருவர் தனக்கு ஆகாதவர்களின் சீட்டுகளைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார். அதனால் வந்த விதி இது. விதியை எழுதியவன் நான். ஜெபத்தை நடத்துகிறவனும் நான்.

எட்டாவது சீட்டை எடுத்தேன். முதல் வரியை வாசித்த பிறகுதான் புத்தியில் உறைத்தது. "செயலாளர் ஐயாவுக்கு ஆண்டவர் நல்ல மனசைத் தரணும். பெட்டி விஷயத்தை அவர் விசாரிக்கணும். நான் எடுக்கல."

பாதியில் நிறுத்த முடியாது. வாசித்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, செயலாளருக்கு நல்ல மனதைத் தாரும்" என்று ஜெபித்தேன். மற்ற ஏழு சீட்டுகளுக்கும் சேர்த்து வராத சத்தம் இந்த ஒன்றுக்கு வந்தது. அப்படி ஓர் ஆமென். பின்வரிசையில் காது கேட்காத பெரியவர்கூட பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தனியாக ஒரு ஆமென் சொன்னார்.

செப்டம்பர் 6, ஞாயிறு

பாஸ்டர் இன்றைக்குப் பார்த்து அந்த விதவையைப் பற்றிப் பிரசங்கித்தார். எவனையும் மதிக்காத நீதிபதி ஒருவன், அவனிடம் நியாயம் கேட்டு விடாமல் போய் நின்ற விதவை ஒருத்தி. கடைசியில் அவள் தொல்லை தாங்காமல் அவன் நியாயம் செய்கிற கதை.

பல தலைகள் என் பக்கம் திரும்பின. என்னத்துக்கு என்று எனக்குப் புரியவில்லை. நான் ஒழுங்காகக் குறிப்பெடுத்தேன். இந்தக் கதையின் பாடம், சோர்ந்து போகாமல் ஜெபிக்க வேண்டும் என்பது. யார் சோர்ந்து போகாமல் ஜெபிக்கிறார்கள்? அந்த ஆயா இனி வரக் கூடாது என்று மூன்று வேளையும் முழங்காலில் நிற்கிறவன் நான்தானே. ஆக, கதையில் வரும் விதவையின் இடத்தில் இருப்பது நான். மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

மதியச் சாப்பாட்டின்போது இதை மனைவியிடம் விளக்கினேன். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

செப்டம்பர் 8, செவ்வாய்

"ஐயா, அந்தப் பெட்டி ஜோடிப் பெட்டிதான? இன்னொன்னு உள்ளதான இருக்கு? அதை என்னையத் தூக்கிக் காட்டச் சொல்லுங்க. தூக்கிட்டேன்னா நான்தான் எடுத்தேன்னு எழுதிக்கங்க" என்றாள்.

விதிமுறையில் அப்படி ஒரு பரிசோதனை இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

அவள் போன பிறகு, சும்மா பார்ப்போமே என்று ஸ்டோர் ரூமுக்குள் போய் அந்த இன்னொரு பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. கொஞ்சம் தம் பிடித்தேன். இடுப்பில் சடக்கென்று ஏதோ சொன்னது.

தள்ளிக்கொண்டு போயிருக்கலாம்.

செப்டம்பர் 9, புதன்

இடுப்பு. எழுந்திருக்க முடியவில்லை. ஆயா வீட்டுக்கே வந்துவிட்டாளாம், பார்க்க. மனைவி டீ கொடுத்து உட்கார வைத்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். சுவர் வழியாகக் குரல்தான் கேட்டது, பேச்சு கேட்கவில்லை. ஒரு முறை சிரித்தார்கள்.

செப்டம்பர் 11, வெள்ளி

பெல்ட் கட்டிக்கொண்டு போய் ஜெபத்தை நடத்தினேன். இந்த வாரம் அதே விஷயத்துக்கு மூன்று சீட்டுகள். ஒன்று ஆயாவுடையது. ஒன்றில் "மேற்படி விஷயத்துக்காகவும்" என்று மட்டும் இருந்தது. அது பள்ளி எழுத்தருடையது, மேற்படி போடாமல் அவருக்கு வீட்டில் தண்ணீர்கூடக் கேட்கத் தெரியாது. மூன்றாவது சீட்டில் "என் வீட்டுக்காரர் பிடிவாதத்தை விட வேண்டும்" என்று இருந்தது. பெயர் இல்லை. ஆனால் முப்பத்திரண்டு வருடமாக அந்தக் கையெழுத்தில்தான் நான் மளிகைச் சாமான் வாங்கி வருகிறேன்.

அதையும் வாசித்து ஜெபித்தேன்.

செப்டம்பர் 12, சனி

வீட்டில் பேச்சு முற்றியது.

"ஏங்க, விசாரிச்சா என்ன குறைஞ்சு போயிடும்?"

"விசாரிக்கறதுன்னா நிறுத்தறதுக்கு முன்னாடி விசாரிச்சிருக்கணும். இப்ப விசாரிச்சா, அப்ப ஏன் விசாரிக்கலன்னு கேப்பாங்க."

"கேக்கட்டுமே. ஏன் விசாரிக்கல?"

இதற்கு ஒரு பதில் இருந்தது. இப்போது எழுத உட்கார்ந்தால் ஞாபகம் வரவில்லை.

செப்டம்பர் 16, புதன்

ஆண்டவரே, ஒரு மாதமாக ஒரே விண்ணப்பத்தை உமது சமுகத்தில் வைக்கிறேன். அந்த ஆயாவுக்கு வேறு எங்காவது நல்ல வேலை கொடும், தூரமாகக் கொடும். ஒரு பதிலும் காணோம். ஓய்வு பெறும்வரை நான் இருந்த அரசு அலுவலகத்தில்கூட பதினைந்து நாளைக்குள் மனு வந்து சேர்ந்தது என்றாவது எழுதி அனுப்புவோம்.

அவளும் உம்மிடம்தான் கேட்கிறாள் என்பது தெரிகிறது. யாருடைய கோப்பு மேலே இருக்கிறது?

செப்டம்பர் 19, சனி

மச்சான் வீட்டுக்குப் போனோம், என் மனைவியின் தம்பி வீடு. அவன் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததற்கு ஸ்தோத்திர ஜெபம். என்னைத்தான் ஜெபிக்கச் சொன்னார்கள். எல்லாரும் முழங்காலில் நின்றோம். நான் டிவிக்கு நேர் எதிரே.

பாதி ஜெபத்தில் மின்விசிறியின் காற்று முகத்தில் அடித்தது. லேசாகக் கண்ணைத் திறந்தேன். திறந்திருக்கவே கூடாது. டிவிக்கு அடியில் பூப்போட்ட போர்வை விரித்திருந்தார்கள். காற்றில் அதன் ஓரம் தூக்கியது. கறுப்புப் பெட்டி. அதில் வெள்ளைப் பெயின்டில் எங்கள் பள்ளியின் பெயர். நானே பிரஷ் பிடித்து எழுதியது. நின்றுகொண்டு பார்த்திருந்தால் கண்ணில் பட்டே இருக்காது.

ஜெபத்தை எப்படி முடித்தேன் என்று தெரியாது. மச்சானை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"காலனி விளையாட்டுப் போட்டிக்கு ஒரு நாளைக்குத்தான் எடுத்தேன் அத்தான். கேக்கலாம்னு உங்க வீட்டுக்கு வந்தேன், நீங்க மதியத் தூக்கத்துல இருந்தீங்க. அக்காவும் கடைக்குப் போயிருந்துச்சு. ஆணியில சாவி இருந்துச்சா, எடுத்துட்டுப் போயிட்டேன். நாலு பேரு தூக்கினோம், அதுக்கே நாக்கு தள்ளிருச்சு."

"திருப்பிக் கொண்டு வந்து வைக்கத் தெரியாதாடா?"

"வைக்கறதுக்குள்ளதான் நீங்க அந்தம்மாவ நிறுத்திட்டீங்களே. இப்பக் கொண்டு வந்தா உங்க மானம் போயிடும்னு பாத்தேன். உங்களுக்காகத்தான் அத்தான் டிவிக்கு அடியில வச்சேன்."

என் மானத்தைக் காப்பாற்றப் போர்வை வேறு போர்த்தி வைத்திருக்கிறான்.

செப்டம்பர் 20, ஞாயிறு

யாரிடமும் சொல்லவில்லை. ஆராதனைக்குப் போகவில்லை. இடுப்புவலி என்று சொன்னேன். இடுப்புவலியும் இருந்தது.

செப்டம்பர் 21, திங்கள்

வந்தாள். "நாளைக்கு வாம்மா" என்று சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவளுக்கு எப்படிப் புரிந்ததோ, "சரிங்கய்யா, நாளைக்கு வரேன்" என்று அவளே சொல்லிவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 23, புதன்

ஒரு வழி யோசித்தேன். பெட்டியை ரகசியமாகக் கொண்டுவந்து ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டு, "கிடைத்துவிட்டது" என்று சொல்லிவிடுவது. எங்கே கிடைத்தது? மூலையில். இத்தனை நாள் மூலையில் யாரும் பார்க்கவில்லையா? நாலு பேர் தூக்குகிற பெட்டி மூலையில் எப்படி ஒளிந்தது?

சே. என்ன மனுஷன்யா நான். விதியெல்லாம் எழுதுறேன், ஜெபம் பண்றேன், ஒரு பொம்பளை தினம் வந்து நான் எடுக்கலன்னு சொல்றா, அது உண்மைன்னு தெரிஞ்ச பிறகும் மூலையைத் தேடிட்டு இருக்கேன்.



செப்டம்பர் 25, வெள்ளி

போகாமல் இருந்திருக்கலாம். போனேன்.

ஆயாவின் சீட்டு கடைசியில் வந்தது. வழக்கமான வாசகம் என்று நினைத்துத்தான் பிரித்தேன். "செயலாளர் ஐயாவுக்கு உடம்பு சரியில்ல போல, முகம் வாடிக் கிடக்கு. ஆண்டவர் அவருக்குச் சுகம் தரணும். பெட்டி விஷயமும் இருக்கு, அது அப்புறம்."

வாசித்தேன். ஜெபிக்க வேண்டும். கண்ணை மூடினேன். "ஆண்டவரே" என்றேன். அடுத்த வார்த்தை வரவில்லை. சபை முழுக்கக் காத்திருந்தது. யாரோ இருமினார்கள். நான் மறுபடியும் "ஆண்டவரே" என்றேன். பிறகு என்னை அறியாமல், ஜெபக் குரலே இல்லாமல், வீட்டில் பேசுவது போல வந்துவிட்டது: "பெட்டி என் மச்சான் வீட்ல இருக்கு. டிவிக்கு அடியில. ஒரு வாரமா எனக்குத் தெரியும். அந்தம்மா எடுக்கல."

வாடிக்கையாகச் சபையார் எல்லாரும் "ஆமென்" என்றார்கள். பிறகுதான் என்ன கேட்டோம் என்று கண்ணைத் திறந்தார்கள்.

அங்கேயே நின்று, செயலாளர் பதவியையும் ஜெபம் நடத்துகிற பொறுப்பையும் விட்டு விலகுகிறேன் என்று சொன்னேன். கையில் இருந்த தாளிலேயே எழுதி பாஸ்டரிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். இவ்வளவு வேகமாக வாங்கிக்கொள்வார் என்று எதிர்பார்க்கவில்லை.

ஆயா உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள்.

செப்டம்பர் 26, சனி

மச்சான் பெட்டியைப் பள்ளிக்குக் கொண்டுவந்து இறக்கினான். வாசலிலேயே அவனைப் பிடித்து என் மனைவி கொடுத்த கொடுப்பில், பெட்டி தூக்க வந்த மூன்று பேரும் தள்ளிப் போய் நின்றுகொண்டார்கள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஒரு வாரமாத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள். அதற்கு மேல் எதுவும் கேட்காததுதான் கஷ்டமாக இருந்தது.

ஆனாலும் மனது லேசாக இருந்தது. தவறு செய்தேன், ஒப்புக்கொண்டேன், பதவியைத் தூக்கிப் போட்டேன். எத்தனை பேருக்கு இந்தத் துணிவு வரும்? முறைப்படி இரண்டு பக்கத்துக்கு ஒரு ராஜினாமாக் கடிதமும் தயாரித்தேன். மூன்று இடங்களில் வாசிக்கிறவர் கண் கலங்கும்.

செப்டம்பர் 28, திங்கள்

ஆயா வீட்டுக்கு வந்தாள். "ஐயா, திரும்ப வேலைக்கு வரச் சொல்லி என் ஆர்டரு?" என்றாள்.

"நான் இப்ப செயலாளர் இல்லையேம்மா. வெள்ளிக்கிழமையே ராஜினாமா பண்ணிட்டேன்ல?"

"என் ஆர்டர்ல கையெழுத்தப் போட்டுட்டுப் பண்ணியிருக்கலாமேய்யா" என்றாள்.

இரண்டு பக்கக் கடிதத்தை எழுதும்போதுகூட இது எனக்குத் தோன்றவில்லை.

செப்டம்பர் 29, செவ்வாய்

புதிய செயலாளரைப் போட்டிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற தணிக்கையாளர். ஆயாவுடன் நானும் போனேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"கோப்பை முழுசாப் படிக்கணும் சார். நாளைக்கு வாங்க" என்றார்.

அந்தத் தொனி எனக்கு நன்றாகத் தெரியும்.

செப்டம்பர் 30, புதன்

போனோம். "நாளைக்கு."

அந்த பெஞ்சில் நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. நடுவில் ஓர் ஆணி துருத்திக்கொண்டிருக்கிறது. ஆறு வருடமாக நான் செயலாளராக இருந்த பள்ளியின் பெஞ்சு. "இந்தப் பக்கம் நகந்துக்கங்கய்யா" என்று ஆயா இடம் விட்டார். "நாளைக்குத் தண்ணி கொண்டாங்க. பதினோரு மணிக்கு மேல தொண்ட காயும்."

அக்டோபர் 1, வியாழன்

"நாளைக்கு." பின்வாசலில் போய் நிற்கலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். செயலாளர்கள் போகிற வழி எனக்குத் தெரியாதா?

சும்மா உட்கார்ந்திருக்கும்போது கேட்டேன்: "இத்தன நாளா என்ன சொல்லிம்மா ஜெபம் பண்ணுனீங்க?"

"மொத வாரம் உங்களுக்குக் கால் ஒடியணும்னு கேட்டேன்யா."

"அப்புறம்?"

"அப்புறம், கால் ஒடிஞ்சா ஆபீசுக்கு வர மாட்டீங்க, அப்புறம் யாருகிட்டப் போய்க் கேக்குறதுன்னு மாத்திக்கிட்டேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த இடுப்பு, மொத வாரத்துல கேட்டது மிச்சம் இருந்து வந்ததோ என்னமோ. மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

அக்டோபர் 5, திங்கள்

"நாளைக்கு." உள்ளே போய்க் கொஞ்சம் சத்தம் போட்டேன். வெளியே வந்ததும் ஆயா கண்டித்தார். "சத்தம் போட்டா அவருக்குக் கோவிச்சுக்க ஒரு சாக்கு கெடைச்சிரும். சும்மா அவரு கண்ணுல படுற மாதிரி உக்காருங்க. அதுதான் தாங்காது" என்றார். தாங்காது என்பது உண்மை. எனக்குத் தெரியும்.

அக்டோபர் 7, புதன்

உத்தரவு வந்துவிட்டது. உறையைக் கையில் வாங்கியதும் எனக்குத்தான் முதலில் கண் கலங்கியது. "ஸ்தோத்திரம்" என்று எழுந்தேன், வீட்டுக்குப் போகலாம் என்று.

ஆயா எழவில்லை. விரலை வைத்து எழுத்து எழுத்தாக வாசித்தார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். "கருணை அடிப்படையில்னு போட்டிருக்கே. அப்படின்னா?"

"பாவம் பாத்துத் திரும்ப எடுத்துக்கறாங்கன்னு அர்த்தம்."

எழுந்து உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன். உத்தரவை மேசைமேல் வைத்தார். "கருணை வேணாம்ங்க. நான் எடுக்கலன்னு எழுதிக் கொடுங்க" என்றார்.

புதிய செயலாளர் என்னைப் பார்த்தார். வெளியே கூட்டிவந்து, "ஏம்மா, ஏழு வாரம் கழிச்சு வேலை கைக்கு வந்திருக்கு. ஒரு வார்த்தைக்காகத் தட்டி விடுறீங்களே" என்றேன்.

"வேலை வேற எங்கயாவது கெடைச்சிருக்கும்யா. நான் போற வீட்லல்லாம், பெட்டி தூக்குனது நீதானன்னு கேக்குறாங்க. சிரிச்சுக்கிட்டேதான் கேக்குறாங்க. சம்பந்தி வீட்ல என் மககிட்டயும் அதையே கேட்டிருக்காங்க. அவ அதுலருந்து எனக்கு போன் பண்றதில்ல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதுக்குத்தான்யா நான் வந்துட்டே இருந்தேன்."

ஏழு வாரம். தினமும் பார்த்தேன். வேலைக்காக வருகிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆணி இருக்கிற பக்கம்.

அக்டோபர் 9, வெள்ளி

ஜெபத்துக்குப் போனேன், பின்வரிசையில் இடம் கிடைத்தது. இப்போது பாஸ்டர் நடத்துகிறார். நான் ஒரு சீட்டு எழுதிப் போட்டேன். விதிப்படி முழுவதும் வாசித்தார். நான் செய்ததை என் பெயரோடு இன்னொருவர் வாயில் கேட்க, காது சுட்டது. எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அக்டோபர் 12, திங்கள்

இன்று உள்ளே கூப்பிட்டார்கள். "சரி சார், எப்படி எழுதணும்னு நீங்களே சொல்லுங்க. தினமும் உங்க ரெண்டு பேர் முகத்தையும் பாத்து என்னால ஒரு வேலையும் செய்ய முடியல" என்றார் புதிய செயலாளர்.

நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். பெட்டியை இவர் எடுக்கவில்லை. எடுத்தவர் அப்போதைய செயலாளரின் மைத்துனர். அப்போதைய செயலாளர் விசாரிக்காமலே இவரை நிறுத்தினார், உண்மை தெரிந்த பிறகும் ஆறு நாள் மறைத்தார். தவறு முழுவதும் நிர்வாகத்தினுடையது, ஆகவே இவர் திரும்பப் பணியில் சேர்கிறார்.

"ஆறு நாள் விஷயமும் வேணுமா சார்?" என்று கேட்டார். வேண்டும் என்றேன். மூச்சு விட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

ஆயா இரண்டு தடவை வாசித்தார். தாளை மடிக்கவில்லை. "இதைப் பிள்ளைகளக் கூப்பிட வர்றவங்க பாக்குற இடத்துல ஒட்டணும்" என்றார். மகளுக்கு அனுப்ப ஒரு பிரதியும் கேட்டார். எழுத்தர் எடுத்துக் கொடுத்தார்.

கேட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பலகையில் நானே குத்தினேன். மேலே இரண்டு ஊசி. ஆயா கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, கீழேயும் இரண்டு குத்தச் சொன்னார், இல்லையென்றால் காற்றில் மடங்கிக்கொள்ளுமாம். குத்தினேன். பள்ளி விடுகிற நேரம். முதலில் வந்த ஒரு தாய் நின்று வாசித்தார். முழுவதும் வாசித்துவிட்டுத் திரும்பி, என்னைத் தாண்டிப் போய், "எப்ப திரும்ப வேலைக்கு வர்றீங்கக்கா?" என்று ஆயாவிடம் கேட்டார்.

"நாளைக்கு" என்றார் ஆயா.